சுண்ணாம்பும் ஈரலும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, எமக்குக் குஞ்சியப்பு முறையான பெரியவர் ஒருவரைப் பார்த்துவர உரும்பிராய்க்குச் சென்றிருந்தோம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டம் செய்தவர். புகையிலை, வெங்காயம், வாழை என்று செம்பாட்டு மண்ணில் அவர் கைபடாத பயிரில்லை. அன்று விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் சோர்ந்து கிடந்தார். வயிற்றை ஒலியலைப் படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், ஈரலில் ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார். அது புற்றுநோய் என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

நலம் விசாரித்து முடிவதற்குள் அவரே எம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தார்.

“தம்பி, எங்கடை கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. இத்தனை வருசமாய்க் குடிச்ச சுண்ணாம்பு ஈரலிலை படிஞ்சுதான் இந்தக் கட்டி வந்ததெண்டு சனங்கள் சொல்லுதுகள். மெய்யோ?”

அவருடைய மனைவியார் உள்ளிருந்து ஒரு சான்றும் காட்டினார். “பேரிலேயே கல்லு இருக்குதே. கல்லீரல் எண்டு முன்னையவை சும்மாவே சொன்னவை?”

அந்த நியாயப்படி மண்ணீரலிலே மண் இருக்கவேண்டும் என்று சொல்ல நாவெழுந்தது. நோயாளியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம். ஆனால், அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த காரியம் சிரிப்புக்குரியதன்று. மருமகள் பிள்ளைகளுக்குக் கிணற்றுநீர் கொடுப்பதை அடியோடு நிறுத்திப் போத்தல் நீர் வாங்கத் தொடங்கியிருந்தாள். “பாலிலும் சுண்ணாம்புச் சத்து உண்டாம்” என்று யாரோ சொல்லிவைத்ததால், வளரும் பிள்ளைகளுக்குப் பாலும் நின்றுபோயிருந்தது. அடுப்பங்கரையில் இருந்த கேத்தலைத் தூக்கிவந்து உட்புறத்தைக் காட்டினாள். அடியிலும் சுவரிலும் வெள்ளைச் சாம்பல் நிறத்திலே தடித்த பொருக்குப் படிந்திருந்தது. “கேத்தலுக்குள்ளேயே இப்படியெண்டால், வயித்துக்குள்ளை எப்படியிருக்கும்?” என்றாள். வினா அறிவுள்ள வினாதான். அதற்குத் தக்க விடையை அன்று எம்மாற் சுருக்கிச் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பிய பின்னர் ஆறுதலாகத் தேடிப் படித்தவற்றையே நேயர்களுக்கு ஈண்டுத் தருகின்றோம்.

முதலிற் கேத்தலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமர்ந்த நாடு. மயோசீன் காலம் எனப் புவிச்சரிதவியலார் குறிக்கும் தொன்மையான காலத்தில், கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதே இக்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இங்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. பெய்யும் மழையிற் பெரும்பகுதி கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் அடிப்பகுதி உவர்நீராகவும் இருப்பதற்கு இதுவே காரணம். காங்கேசன்துறையிற் சீமேந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டு எழுந்ததும் இக்கல்லை நம்பியே. மழைநீர் வானிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டைப் பெற்று, மெல்லிய அமிலமாகிக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது நீரோடு கிணற்றுக்கு வருகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறிவிடுவதால், கல்சியங் காபனேற்று மீண்டும் கல்லாகிக் கேத்தலிற் படிகிறது. ஆகவே கேத்தலில் இருப்பது எம் நிலத்துக் கல்தான். ஐயமில்லை.

ஆனால் வயிறு கேத்தலன்று. நீரிலோ உணவிலோ உடலினுட் செல்லும் கல்சியத்தில் ஒரு பகுதியையே குடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் என்ற அளவிலே கல்சியம் எப்போதும் நிலைநிறுத்தப்படுகிறது. கழுத்தில் நெல்மணியினும் சற்றே பெரிய நான்கு பரிசுரப்பிகள் இரவு பகலாக இதைக் கண்காணிக்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கச் செய்யும். கூடினால் தம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், மிகுதி சிறுநீரோடு போகும். வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியமுள்ள நீரை ஒருவர் நாள்தோறும் இரண்டு லீற்றர் குடிப்பதாகக் கொள்வோம். அவர் பெறுவது 200 மில்லிகிராம். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1000 மில்லிகிராம். கிணறு தருவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. பாலை நிறுத்திய பிள்ளைகள் மிகுதியை எங்கே பெறுவர்?

இனி, ஈரலுக்கும் கல்சியத்துக்கும் தொடர்பே இல்லையா எனில், உண்டு. அது ஊரார் எண்ணியதற்கு நேர்மாறான தொடர்பு. புற்றுநோய் கொண்ட ஈரற் கலம், கல்சியம் தன்னிடம் மிகுந்ததால் கெட்டதன்று. கல்சியத்துக்குக் கட்டுப்படும் குணத்தை இழந்துவிட்டது என்பதே அறிஞர் கண்டது. இக்கதையும் ஒரு நகரத்துக் குழாய்நீரிலேயே தொடங்குகிறது.

இலண்டனில் சிட்னி றிங்கர் என்ற வைத்தியப் பேராசிரியர் இருந்தார். தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து உப்புக்கரைசலில் வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று ஆராய்ந்துவந்தார். கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. இதை வெளியிட்ட பின்னரே ஓர் உண்மை தெரியவந்தது. அக்கரைசல் காய்ச்சிவடித்த தூய நீரில் அன்றிக் குழாய்நீரிற் செய்யப்பட்டிருந்தது! தூய நீரிற் செய்து பார்த்தபோது இதயம் விரைவில் தளர்ந்து நின்றது. எனவே, இதயத்தைத் துடிக்கவைத்த பொருள் இலண்டன் குழாய்நீரில் இருந்திருக்கவேண்டும். அது கல்சியம் என 1883ஆம் ஆண்டு றிங்கர் எழுதினார். தம் பிழையைத் தாமே வெளியிட்ட நேர்மையினாற் பெரும் உண்மையொன்று உலகுக்குக் கிடைத்தது. வைத்தியசாலைகளில் இன்றும் நாளத்தில் ஏற்றும் திரவங்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்து 1900ஆம் ஆண்டளவில், கேர்ட் ஹெர்ப்ஸ்ற் என்ற ஜேர்மானியர் கடலடியில் வாழும் முட்பந்து போன்ற ஓர் உயிரின் கருக்களை, கல்சியம் நீக்கிய கடல்நீரில் இட்டார். கருவின் கலங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. வழக்கமான கடல்நீருக்கு மாற்றியதும் மீண்டும் கூடின. கலங்களைக் கட்டிவைக்கும் கயிற்றிற் கல்சியம் ஓர் இழை என்பது இதனால் தெளிவாயிற்று. இன்றும் ஆய்வுகூடங்களில் ஈரலைத் தனித்தனிக் கலங்களாகப் பிரிப்பதற்கு இதே வழியைத்தான் கையாளுகின்றனர். முதலிற் கல்சியமில்லாத கரைசலை ஈரலின் குழாய்கள் வழியே ஓடவிடுவர். பின்னர், இணைப்புநாரைச் செரிக்கும் நொதியம் ஒன்றைச் செலுத்துவர். உறுதியாயிருந்த ஈரல் மாதுளை முத்துக்கள்போல உதிர்ந்துவிடும். முதற்படியைத் தவிர்த்தால் இரண்டாவது சரிவராது.

எமது குடாநாட்டு வீட்டு வளவைச் சுற்றிய வேலியை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். கலம் ஒரு வளவு எனின், அதன் மென்சவ்வே வேலி. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கிலும் மெல்லிய வேலி அது. கொழுப்புப் பொருள்கள் இரு வரிசையாக நிற்க, இடையிடையே கதியால்கள்போலப் புரதங்கள் ஊன்றப்பட்டிருக்கும். அக்கொழுப்புகள் சிலவற்றின் தலையிலும், புரதங்களோடு ஒட்டிய வெல்லங்களின் நுனியிலும் எதிர் மின்னேற்றம் உண்டு. கல்சிய அயனுக்கோ நேர் மின்னேற்றம் இரண்டு. ஆதலால் அது ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தைப் பற்றவல்லது. கிடுகை இருபுறமும் வரிச்சு வைத்துக் கட்டுவதுபோல, அயலிலுள்ள இரண்டை ஒன்றாய்ப் பிடித்து மென்சவ்வை இறுக்குகிறது. ஈரற் கலத்தின் மென்சவ்வைப் பிரித்தெடுத்துக் கதிர்வீசும் கல்சியத்தைக் கலந்து, அது எவ்வளவைப் பற்றுகிறது என்று அளந்தும் பார்த்துள்ளனர். அமெரிக்காவின் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஷ்லாட்ஸ், மரினெற்றி என்னும் இருவர் 1972இல் எலியீரலிற் செய்த அளவைகள் இத்துறையிற் பெயர்பெற்றவை. மென்சவ்வில் இறுகப் பற்றும் இடங்கள் சில, தளர்வாகப் பற்றும் இடங்கள் பல என்பது இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெறப்படும்.

வேலிக்கு வெளியே கல்சியம் மிகுதி. உள்ளேயோ, கட்டற்று உலாவும் கல்சியம் வெளியிலிருப்பதிற் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் ஒருபுறம் கடலும் மறுபுறம் நன்னீரும் நிற்பதுபோல என்று கூறலாம். ஆனால், இந்த அணையில் கசிவு ஓயாது. கசிந்து உள்ளே வருவதை மென்சவ்விலுள்ள இறைப்பிகள் இடையறாது வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். இவ்வளவு பாடுபட்டு உள்ளே கல்சியத்தைக் குறைத்து வைத்திருப்பது ஏன்? சிறிது கல்சியம் நுழைந்தாலும் அது ஒரு செய்தியாக அமையவேண்டும் என்பதற்காகவே. 1986ஆம் ஆண்டு லிவர்பூல் ஆய்வாளர்கள், இழுதுமீன் ஒன்றிலிருந்து கிடைத்த ஒளிரும் புரதத்தைத் தனி ஈரற் கலத்தினுட் செலுத்தி, ஓமோன் பட்டதும் கல்சியம் உயர்ந்து தாழ்வதைக் கண்டனர். வெளிச்சவீடு இருட்கடலில் விட்டு விட்டு ஒளிவீசுவதுபோல, ஒழுங்கான இடைவெளியில் அது துடித்தது. ஓமோன் கூடினால் துடிப்பு விரைந்தது, குறைந்தாற் பிந்தியது. இரத்தத்துக்கு வெல்லத்தை விடு என்ற கட்டளை இப்படித்தான் கலத்தின் உள்ளே சென்று சேருகின்றது.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். பென்சில்வேனியாவில் டேல் கோமன் என்ற ஆய்வாளர் 1944இல் ஒரு காரியம் செய்தார். உருப்பெருக்கியின் கீழ், ஒட்டியிருந்த இரண்டு கலங்களை நுண்ணிய ஊசிகளாற் பற்றி இழுத்து, அவற்றைப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்தார். நலமான கலங்கள் பிரிய மறுத்தன. உதட்டில் உண்டாகும் புற்றுநோய் போன்றவற்றின் கலங்களோ எளிதிற் பிரிந்தன. நலமான கலங்களைக் கல்சியமில்லாத கரைசலில் வைத்தால் அவையும் புற்றுக் கலங்கள்போலத் தளர்ந்தன. அதற்கடுத்த ஆண்டுகளில், புற்றுத் திசுக்கள் சிலவற்றிற் கல்சியம் குறைந்திருப்பதும் காணப்பட்டது. புற்றுநோய் ஓரிடத்தில் தங்காது பரவுவதற்கு இத்தளர்ச்சியே காரணமாகலாம் என அவர் கருதினார். வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு சுண்ணாம்பையும் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கமுள்ள எம்மவர் இந்த ஆய்வை எண்ணிப் பார்ப்பது நன்று. வாய்ப்புற்று எம் நாட்டில் ஆண்களிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. சுண்ணாம்பைப் பற்றிக் கவலைப்படுவோர் கிணற்றை விட்டுக் கொட்டப்பெட்டியைப் பார்ப்பது தகும்.

கோமன் கண்ட கயிறு எது என்பதை அறிய முப்பது ஆண்டுக்கு மேல் சென்றது. யப்பானிய அறிஞர் மசதோஷி தக்கெய்ச்சி கியோத்தோவிலிருந்து அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகருக்குச் சென்றிருந்தபோது, தமது பழைய பரிசோதனை அங்கே சரிவராததைக் கண்டார். கலங்களைப் பிரிப்பதற்கு அங்கே ஆண்ட நொதியக் கரைசலில், கல்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் பொருளொன்றும் சேர்ந்திருந்தது. தம் ஊரில் ஆண்ட கரைசலில் அது இல்லை. இந்தச் சிறு வேறுபாட்டைத் துருவிச் சென்றவர், மென்சவ்வில் ஒரு புரதம் இருப்பதையும், கல்சியம் அதைப் பற்றியிருக்கும்வரை நொதியம் அதைத் தின்ன மாட்டாது என்பதையும், கல்சியம் விலகினால் அது குலைந்து செரிக்கப்பட்டுவிடும் என்பதையும் 1977இல் வெளிப்படுத்தினார். பின்னர் 1984இல் அதற்குக் கட்ஹெரின் என்று பெயரிட்டார். ஒரு கலத்தின் கட்ஹெரின் அயற்கலத்தின் கட்ஹெரினோடு கைகோக்கும். கல்சியம் இல்லையேற் கை துவண்டுவிடும். ஈரற் புற்றுகளிற் பலவற்றில் இப்புரதம் குறைந்திருப்பது பின்னர் அறியப்பட்டது. நியூசிலாந்து நாட்டின் மயோரி இனக் குடும்பமொன்றில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இளவயதிலேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்துவந்தனர். அக்குடும்பத்தில் இப்புரதத்துக்குரிய பரம்பரையலகு பழுதுபட்டிருந்தமை 1998இல் தெரியவந்தது. குற்றம் கயிற்றில் இருந்ததேயன்றிக் கல்சியத்தில் இருக்கவில்லை.

எமக்கு மிகவும் பிடித்த பரிசோதனையை இனிச் சொல்கின்றோம். யாழ்ப்பாணத்து வேலிகளிற் பொட்டு வைப்பதுண்டு. அயல்வீட்டுக்குப் போய்வரவும், ஒரு பிடி உப்பு மாற்றவும், ஊர்ப்புதினம் பேசவும் அந்தப் பொட்டே வழி. அயலவரோடு கோபமென்றால் முதலில் நடப்பது பொட்டை அடைப்பதுதான்! கலங்களின் வேலியிலும் இத்தகைய பொட்டுகள் உண்டு. அவற்றின் வழியே மின்னோட்டமும் சிறு பொருள்களும் கலத்திலிருந்து கலத்துக்குச் செல்லும். நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வேர்னர் லோவன்ஸ்ரைன், கன்னோ என்பவர்கள் எலியின் ஈரலை ஆராய்ந்தபோது, நலமான ஈரற் கலங்கள் யாவும் இவ்வாறு ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. ஈரற் புற்றிலோ பேச்சில்லை. கலம் ஒவ்வொன்றும் தனித்து நின்றது. இதனை 1966இல் வெளியிட்டனர். மேலும், ஒரு கலம் காயமுற்று அதனுட் கல்சியம் வெள்ளமாகப் புகுந்தால், அயற்கலங்கள் தம் பொட்டை அடைத்துக்கொள்ளும் என்பதையும் லோவன்ஸ்ரைன் காட்டினார். ஒருவர் வீட்டுத் தீ அடுத்த வீட்டைப் பற்றாதிருக்கும் ஏற்பாடு அது. அயலோடு பேச்சற்ற கலம் ‘போதும், வளர்ச்சியை நிறுத்து’ என்ற சொல்லைக் கேட்க மாட்டாது அன்றோ? இக்கருத்து கேட்க இனிதாயினும், முழுதும் பொருந்தியதென்று சொல்லிவிட முடியாது. பின்னர் வந்த ஆய்வுகளில், பேச்சைக் கைவிடாத புற்றுக் கலங்களும் காணப்பட்டன.

கனடாவின் ஒட்டாவா நகரில் 1978இல் செய்த ஆய்வு விடயத்தை இன்னும் நேராகத் தொடுகிறது. எலியின் ஈரலிலிருந்து வளர்த்த கலங்களைக் கல்சியம் மிகக் குறைந்த ஊட்டக்கரைசலில் வைத்தனர். நலமானவை பெருகுவதை நிறுத்திக்கொண்டன. புற்றாக மாறியவையோ கல்சியக் குறைவைச் சற்றும் பொருட்படுத்தாமற் பெருகிக்கொண்டே சென்றன. அதாவது, நல்ல ஈரற் கலத்துக்குக் கல்சியம் ஒரு கடிவாளம். கெட்ட கலம் கடிவாளத்தை அறுத்த குதிரை. ஈரலிற் சுண்ணாம்பு படிந்ததால் கட்டி வந்ததென்று எண்ணிய எம் குஞ்சியப்புவுக்கு இதைக்காட்டிலும் தெளிவான மறுமொழி வேறில்லை. ஈரற் புற்றுநோயாளர் சிலரிடம் இரத்தக் கல்சியம் உயர்வதுண்டு. அதுவும் கட்டி சுரக்கும் ஒரு பொருள் எலும்பைக் கரைப்பதால் வருவதே. அது நோயின் விளைவு.

அங்ஙனமாயின், ஈரற் கலத்தைக் கெடுப்பது எது? ஆய்வுகூடத்து எலிகளுக்கு ஈரற் புற்று எப்படி உண்டாக்கப்பட்டதென்று பார்த்தால் வெளிச்சம் கிடைக்கும். யப்பானில் சசாக்கி, யோஷிடா என்னும் இருவர் 1935இல் ஒரு சாயப்பொருளை உணவிற் கலந்து கொடுத்து எலிகளுக்கு ஈரற் புற்று வரச்செய்தனர். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு மஞ்சட் சாயம் ஒருகாலத்தில் மாஜரினுக்கு நிறமூட்ட ஆளப்பட்டது! கண்ணைப் பறிக்கும் மஞ்சள் இலட்டைக் கடையிற் காணும்போதெல்லாம் எமக்கு இந்த எலிகளின் நினைவு வரும். 1956இல் இங்கிலாந்தில் மகீ, பான்ஸ் என்போர் நைத்திரோசமீன் என்ற பொருளாலும் எலியீரலிற் கட்டி உண்டாவதைக் காட்டினர். இவ்வினப் பொருள்கள் புகையிலையிலும் உண்டு.

மனிதரிடத்தே முதற் காரணம் செங்கமாரிக் கிருமி. ஈரலழற்சி ‘பி’, ‘சி’ என்னும் வைரசுகள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்காக ஒளிந்திருந்து, ஈரலை வடுப்படுத்திப் புற்றுக்கு வழிசெய்யும். அடுத்தது மது. சாராயமோ கள்ளோ, நெடுநாட் குடி ஈரலைச் சுருக்கும். உடற்பருமனாலும் நீரிழிவாலும் ஈரலிற் கொழுப்புப் படிவது இந்நாளில் மிகுந்து வரும் காரணம். இன்னொன்று பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றின் தீனியிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பிடித்த பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சைச் சுரந்தமை பின்னர் புலப்பட்டது. இந்தியாவில் 1974இல் இராசத்தானிலும் குசராத்திலும் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உண்டால் அதே நஞ்சு புற்றுநோயைத் தரும். செங்கமாரிக் கிருமியும் உடன் இருப்பின் ஆபத்துப் பன்மடங்கு. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் கொப்பராவையும் செத்தல் மிளகாயையும் ‘வெயிலிற் போட்டாற் சரி’ என்று எடுத்துவைக்கும் வீடுகளை நாம் அறிவோம். வெயிலிலும் வறுப்பிலும் இந்நஞ்சு முழுதும் அழியாது. அவற்றை எறிந்துவிடுவதே வழி.

கிணற்றைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விடுவது நேர்மையன்று. கடின நீரே ஈரற் புற்றைத் தரும் என்பதற்குச் சான்றில்லை. ஆனால், எம் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கிய நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைக் கடந்திருப்பது பல ஆய்வுகளிற் காணப்பட்டது. அது கேத்தலிற் படியாது. கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைகளுக்கு அது உடனடிக் கேடு. வயிற்றில் அது நைத்திரோசமீன் இனப் பொருளாக மாறலாம் என்பது மற்றொரு கவலை. கண்ணிற்படும் வெள்ளைப் பொருக்கைக் கண்டு அஞ்சியவர்கள், கண்ணிற்படாததைச் சோதிப்பிக்கவில்லை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயில் நீரின் கடினத்துக்கும் புளோரைட்டுக்கும் பங்குண்டோ என்று ஆராயப்படுகிறது. அது வேறு நோய், வேறு கதை.

மருந்தைப் பொறுத்தமட்டில், செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை நம்பும் வழக்கம் எம்மிடையே பழையது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜன், ‘பி’ வைரசைக் கண்டுபிடித்து நொபெல் பரிசு பெற்ற பிளம்பேர்க்கோடு சேர்ந்து, இந்த மூலிகையை நோய் தாங்கிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1988இல் வெளியான முடிவு வியப்பானது. மூலிகை உண்டவர்களில் நூற்றுக்கு 59 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. வெற்றுக் குளிசை உண்டவர்களில் நூற்றுக்கு நால்வருக்கே அப்படி. தமிழர் எவரும் மகிழத்தக்க செய்தி. ஆயினும், பிற இடங்களில் மீண்டும் செய்தபோது அப்பயன் கிடைக்கவில்லை. ஆகையால், கீழ்க்காய்நெல்லி இருக்க வேறு சோதனை எதற்கு என்பார் சொல்லைக் கேட்பது தகாது. தடுப்பூசியின் பயனோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது. தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு அதை ஏற்றத் தொடங்கியது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடையே ஈரற் புற்றுநோய், இலட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. இலங்கையில் 2003ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வூசி குழந்தைகளுக்கு அரசினால் ஏற்றப்படுகிறது. அதற்கு முன் பிறந்தோர் பலர் இதைப் பெற்றவரல்லர்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு இரண்டாம் முறை உரும்பிராய்க்குச் சென்றோம். அதற்குள் இரத்தச் சோதனையின் முடிவு வந்திருந்தது. குஞ்சியப்புவின் இரத்தத்தில் ‘பி’ வைரசு இருந்தது. எப்போது, எவ்வழி வந்ததென்று எவராலும் சொல்ல இயலாது. வைத்தியர் சொற்படி, வீட்டிலிருந்த யாவரும் இரத்தம் சோதிப்பித்தனர். பேரப்பிள்ளைகள் 2003க்குப் பின் பிறந்து ஊசி பெற்றவர்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. நாற்பது வயதான இளைய மகனிடம் மட்டும் வைரசு காணப்பட்டது. அவருக்கு இன்று நோயின் அறிகுறி எதுவுமில்லை. குளிசை தொடங்கியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒலியலைப் படம் எடுக்கிறார். தந்தைக்குக் கட்டி பெருத்த பின்னரே தெரிந்தது. மகனுக்கு அப்படியொன்று தோன்றினாலும் நெல்லளவிலேயே கண்டுபிடிக்கலாம் என்பது வைத்தியரின் நம்பிக்கை.

குஞ்சியப்பு ஆனி மாதத்திற் காலமானார். இறப்பதற்குச் சில நாட்களின் முன் எம்மை அழைத்து, “அப்ப கிணத்திலை பிழையில்லை, என்ன?” என்று கேட்டார். தாம் வெட்டுவித்த கிணறு அது. பிழையில்லை என்றோம். நைத்திரேற்றைப் பற்றி மருமகளிடம் தனியே சொன்னோம். மாதிரி நீர் போத்தலிற் சோதனைக்குப் போயிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் முடிந்து அடுப்பங்கரைக்குச் சென்றபோது, மருமகள் கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பொருக்கின்மேல் தேய்க்க, அது சீறி நுரைத்தது. பக்கத்தில் ஒரு கையிற் பால் தம்ளரோடு நின்ற சிறுமி, அந்தக் குமிழிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டாள். மழை வானத்திலிருந்து கொண்டுவந்து கல்லுக்குட் பூட்டிவைத்த காற்று அது என்றோம். நம்பாதவள்போல எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு பாதித் தேசிக்காயை எடுத்துத் தானே தேய்க்கத் தொடங்கினாள்.